இடது பக்கம்

அப்பாவின் ஆம்ப்ளிஃபயரில் இடது பக்கம் பாடாமல் போய்ப் பதினாறு வருடம் ஆகியிருந்தது. வலது பக்கம் நன்றாகவே பாடும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி ஃப்யூஸ் என்பதால் ஒன்று செத்தாலும் மற்றது பிழைத்துக்கொள்ளும். ஸ்டீரியோவில் பதிவு செய்த பாட்டை ஒரு பக்கத்தில் மட்டும் கேட்டால் என்ன ஆகும் என்று பலருக்குத் தெரியாது. பாட்டு வரும், ஆனால் சில வாத்தியங்கள் வராது. எழுபது, எண்பதுகளின் ஸ்டீரியோப் பதிவுகளில் வயலின் கூட்டத்தை ஒரு பக்கம், கிதாரை இன்னொரு பக்கம் என்று தள்ளி வைத்திருப்பார்கள். அப்பா பதினாறு வருடமாகப் பாதிப் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

'இடி விழுந்ததுல போயிருச்சு' என்பது எங்கள் வீட்டில் அதற்கான அதிகாரபூர்வ விளக்கம். 2008 தீபாவளி சமயம், ஐப்பசி அடைமழை. விளக்கத்தைக் கொடுத்தவன் நான். அது பொய் என்று தெரிந்தவனும் நான் ஒருவன்தான், அல்லது அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா கோவில்பட்டியில் 1982-லிருந்து 2001 வரை ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். ஸ்பாடிஃபை தலைமுறைக்கு இதை விளக்க வேண்டும். ஒரு தாளில் பிடித்த பாட்டுகளை வரிசையாக எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபதா, தொண்ணூறா என்று அப்பா கேட்பார். அறுபது நிமிடக் கேசட் என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று பாட்டு. எல்.பி. ரெக்கார்டுகளைத் தேடி எடுத்து, ஊசியை வைத்து, ஒவ்வொன்றாகக் கேசட்டில் பதிந்து மறுநாளோ மறுவாரமோ கொடுப்பார். காதலிக்குக் கொடுக்கப் போகிற கேசட்டுகளின் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்பார். எழுதினவனின் கையெழுத்து அவ்வளவு சுத்தமாக இருக்குமாம்.

பதிவுக்கு ஆம்ப்ளிஃபயர் தேவையில்லை. அது கடைவாசலுக்கானது. தெருவில் போகிறவன் காதில் பாட்டு விழுந்தால்தான் தாளை எடுத்து எழுதுவான். அதனால் கடையின் வரும்படி அந்தப் பெட்டியில்தான் இருந்தது. அதைச் செய்துகொடுத்தவர் இரண்டு தெரு தள்ளியிருந்த ரேடியோ மெக்கானிக். அப்பாவுக்கு அவர் அண்ணாச்சி, எனக்கு மாமா. பட்டறையில் தகரம் வளைத்துச் செய்த பெட்டி, பேக்கலைட் போர்டு, ஆள் வைத்துச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர். பக்கத்துக்கு 25 வாட் வரும். பின்பக்கத்தில் கறுப்பு அலுமினிய ஹீட் சிங்க், அதன்மேல் நான்கு பெரிய டிரான்சிஸ்டர்கள். குழிப்பணியாரத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி உலோகக் குல்லா, இரண்டு பக்கமும் திருகு ஓட்டை. நான்கும் 2என் 3055.

எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்களுக்கு இந்த எண் ஊர்ப் பேர் மாதிரி. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் அறுபதுகளின் தொடக்கத்தில் கொண்டுவந்த பவர் டிரான்சிஸ்டர். அப்புறம் உலகத்தில் செமிகண்டக்டர் ஆலை வைத்திருந்த முக்கால்வாசிப் பேர் அதைத் தயாரித்தார்கள். பேட்டரி சார்ஜர், வோல்டேஜ் ரெகுலேட்டர், மைக் செட் என்று எங்கே சூடு அதிகமோ அங்கே அது இருந்தது. 60 வோல்ட் தாங்கும், 15 ஆம்பியர் கடத்தும், 115 வாட் சூட்டைச் செரிக்கும். அந்த 115 வாட்டும் குல்லா 25 டிகிரியில் இருந்தால்தான். சித்திரை மாதக் கோவில்பட்டியில் திருகே நாற்பது டிகிரியில் இருக்கும்.

போன வருடம் ஊருக்குப் போனபோது ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு முத்துநகர் எக்ஸ்பிரஸில் சென்னைக்கு வந்துவிட்டேன். சரிசெய்து கொண்டுவருகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். "அதுக்கு எதுக்கு இப்ப?" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான் மென்பொருள் எழுதுகிறவன். கல்லூரியில் படித்தது எலெக்ட்ரானிக்ஸ், ஆனால் கடைசியாகச் சால்டரிங் அயனைத் தொட்டது மூன்றாம் வருட லேபில். என்றாலும் கோளாறைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. இடது பக்கத்து மேல் டிரான்சிஸ்டரில் மீட்டரை வைத்தால் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே 'பீப்' என்று தொடர்ச்சியான சத்தம். உள்ளே உருகி ஒரே கம்பியாகிவிட்டது. அதன் எமிட்டரில் இருந்த 0.47 ஓம் ரெசிஸ்டர் கருகியிருந்தது. கீழ் டிரான்சிஸ்டர் நலமாகத்தான் தெரிந்தது, ஆனால் ஜோடியில் ஒன்று அப்படிச் செத்தால் இன்னொன்றையும் நம்பக் கூடாது என்பது பொதுவிதி. இரண்டையும் மாற்றுவது என்று முடிவு செய்தேன். இவ்வளவுதான் வேலை என்றும் நினைத்தேன்.

ரிச்சி தெருவுக்கு ஒரு சனிக்கிழமை போனேன். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சுற்றிலும் அதே வியாபாரம்தான், பெயர் மட்டும் ரிச்சிக்குப் போய்விட்டது. ஒரு கடையில் 3055 கேட்டேன். எத்தனை என்றார், விலையைச் சொன்னார். ஒரு பிரியாணி விலையில் நான்கு வாங்கலாம். எழுத்து பளிச்சென்று, பெரிய கம்பெனி முத்திரையோடு இருந்தது. அந்தப் பளிச்சில்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வீட்டில் சமையல் தராசில் பழையதையும் புதியதையும் வைத்துப் பார்த்தேன். புதியது ஒவ்வொன்றும் மூன்று கிராம் குறைவு. மனைவி எட்டிப் பார்த்து, "நகைக் கடைக்காரன் மாதிரி இருக்க" என்றாள். ஒன்றைத் தியாகம் செய்வது என்று வைஸில் இறுக்கி, ஹேக்சா பிளேடால் குல்லாவை அறுத்தேன். ஏற்கெனவே செத்திருந்த பழையதையும் அறுத்தேன். பழையதில் அடித்தட்டின்மேல் தடிமனான செம்புத் துண்டு, அதன்மேல் சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்குச் சிலிக்கான் சில்லு, ஒரு ஓரத்தில் உருகிய தடம். புதியதில் செம்பே இல்லை. மெல்லிய தகட்டின்மேல் நேராக ஒட்டியிருந்த சில்லு மிளகு அளவுகூட இல்லை. வேறு ஏதோ சின்ன டிரான்சிஸ்டரின் சில்லைப் பெரிய குல்லாவுக்குள் போட்டு மூடியிருக்கிறார்கள். மீட்டரில் சோதித்தால் நல்ல டிரான்சிஸ்டர் என்றுதான் காட்டும். மீட்டர் கொடுப்பது சில மில்லி ஆம்பியர். நிஜ வேலையில் ஆம்பியர் கணக்கில் ஓடும்போது அது ஒரு பாட்டுகூடத் தாங்காது.

கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. அவருக்கே தெரிந்திருக்காது, அல்லது தெரிந்திருக்கும். இரண்டில் எதுவாக இருந்தாலும் ரசீது இல்லை.

அந்த வாரம் முழுக்க இரவுகளில் 'அப்படியானால் எதைப் போடுவது' என்று படித்துக்கொண்டிருந்தேன். இது ஒரு தனி உலகம். டிரான்சிஸ்டர்களின் பெயரிலேயே மூன்று சாதி உண்டு. 2என் என்று தொடங்கினால் அமெரிக்கப் பதிவு. பி.சி., பி.டி., ஏ.சி. என்று வந்தால் ஐரோப்பா, முதல் எழுத்து ஏ என்றால் ஜெர்மானியம், பி என்றால் சிலிக்கான். ஜப்பான்காரன் 2எஸ்ஏ, 2எஸ்சி என்பான், ஆனால் உடம்பில் இடம் போதாது என்று முதல் இரண்டு எழுத்தையும் விட்டுவிட்டு வெறும் 'சி1815' என்று அச்சடிப்பான். பெயர் பொருந்தினாலும் கால்கள் பொருந்தாது. நம்மூர் லேப்களில் கிடைக்கிற பி.சி. 547-இன் தட்டையான முகத்தை நம்மைப் பார்த்து வைத்தால் கலெக்டர், பேஸ், எமிட்டர். ஜப்பானியச் சின்ன டிரான்சிஸ்டர்களில் பெரும்பாலும் எமிட்டர், கலெக்டர், பேஸ். ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைக் காலைப் பார்க்காமல் போட்டுப் புகைய விட்டவர்கள் ஒரு கிராமம் அளவுக்குத் தேறுவார்கள்.

பழைய மெக்கானிக்குகளிடம் இதற்கு 'ஈக்விவலண்ட் புக்' இருக்கும். ஒரு பக்கம் எண், எதிரே அதற்கு ஈடான எண். எனக்கு அந்தப் புத்தகத்தின் தைரியம் பிடிக்கும். இதற்கு அது சமம் என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. எதில் சமம்? வோல்டேஜிலா, கரண்டிலா, சூட்டிலா, கெயினிலா, வேகத்திலா? எல்லாவற்றிலும் சமமாக இருக்கிற இரண்டு எண்கள் கிடையாது. ஒரே எண் கொண்ட இரண்டு டிரான்சிஸ்டர்களே அப்படி இல்லை. 3055-இன் கெயின் 4 ஆம்பியரில் 20-லிருந்து 70 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். பாஸ் மார்க் 20, சென்டம் 70, எல்லோருக்கும் ஒரே சர்ட்டிஃபிகேட்.

கூட வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் ஆடியோ பைத்தியம். "ஏன்டா அந்தக் கிழட்டு டிரான்சிஸ்டரையே தேடுற? 2எஸ்சி5200 போடு. 230 வோல்ட், 150 வாட், 30 மெகா ஹெர்ட்ஸ்" என்றான். எல்லா எண்ணும் பெரிது. ஓட்டைகள் பொருந்தாது, போலிகள் அதிலும் அதிகம் என்று தட்டிக்கழித்தேன். ஆனால் பெரிய எண் என்றால் நல்லது என்ற அவன் கணக்கில் எனக்கும் மறுப்பு இருக்கவில்லை. இருந்திருந்தால் அடுத்து நடந்தது நடந்திருக்காது.

கடைசியில் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தர் ஒருவரிடமிருந்து அசல் 3055 இரண்டு வரவழைத்தேன். அதே எண், அதே குல்லா, சரியான எடை. ஒன்று நானூறு ரூபாய்க்கு மேல். அவை வந்த அட்டைப்பெட்டி ஆம்ப்ளிஃபயர் அளவுக்கு இருந்தது.

மைக்கா தகட்டின் இரண்டு பக்கமும் வெள்ளைப் பசை தடவி, திருகுக்கு பிளாஸ்டிக் புஷ் வைத்துப் பொருத்தினேன். இந்த வகையில் குல்லாவே கலெக்டர். மைக்காவில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் ஹீட் சிங்க்கில் ஷார்ட் ஆகும். கரண்டு கொடுக்கும்போது நூறு வாட் குண்டு பல்பைச் சீரீஸில் போட்டேன். பல்பு ஒரு கணம் பளீரென எரிந்து, கெப்பாசிட்டர் நிறைந்ததும் மங்கியது. அப்படி மங்கினால் உள்ளே ஷார்ட் இல்லை என்று அர்த்தம். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் பாட்டுக்குப் பதில் வெளிச்சம்தான் கிடைக்கும். சப்ளை 46 வோல்ட், இரண்டு டிரான்சிஸ்டருக்கும் நடுப்புள்ளியில் சரியாகப் பாதி, 23. புதிதாகப் போட்ட எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே பத்து மில்லி வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது 20 மில்லி ஆம்பியர் அளவில் ஓய்வுக் கரண்ட். எல்லாம் புத்தகப்படி. பல்பை எடுத்துவிட்டுப் பாட்டைப் போட்டேன்.

இடது பக்கம் பாடியது. பழைய ஸ்டீரியோ பாட்டு ஒன்று. நடுவில் ஓர் இடத்தில் வயலின்கள் இடதிலிருந்து எழுந்து வந்தபோது மனைவியைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டேன். இருபது நிமிடம். பிறகு ஒரு வாசனை. எலெக்ட்ரானிக்ஸ்காரர்களுக்குப் பிணவாடை மாதிரி அது, தூக்கத்திலும் தெரியும்.

ஸ்பீக்கருக்குப் போகிற வழியில் 10 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வரிசையாகத் தரைக்கு இறங்கும். சோபல் நெட்வொர்க் என்பார்கள். காதுக்குக் கேட்கிற சத்தத்தில் அதற்குப் பெரிதாக வேலையில்லை, அந்த ரெசிஸ்டர் குளிர்ச்சியாகவே இருக்கும். அதுதான் கறுத்துப்போயிருந்தது. ஹீட் சிங்க் தோசைக்கல். பாட்டில் ஒரு குறையும் கேட்கவில்லை. அணைத்து, குளிரவிட்டு, ரெசிஸ்டரை மாற்றி மறுபடி போட்டால் மறுபடி அதே வாசனை. வலது பக்கத்து ரெசிஸ்டர் பச்சைத்தண்ணி மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே சர்க்யூட், ஒரே எண் டிரான்சிஸ்டர். என்னிடம் ஆசிலோஸ்கோப் இல்லை. ஒரு வாரம் முட்டிப் பார்த்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே ரயிலில் ஊருக்குப் போனேன்.

மாமாவின் கடை இப்போது மிக்ஸியும் இண்டக்‌ஷன் அடுப்புமாக இருக்கிறது. அப்பாவும் கூட வந்தார். நான் அதை எதிர்பார்க்கவில்லை. மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டினார். பென்சிலில் எழுதியிருந்தது, நான் கவனித்ததே இல்லை: '87 ஆடி. வலது 2 பீஸ் மாற்றம்.' நான் 'ஒரிஜினல்' என்று நினைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்த வலது பக்கமே மாற்றப்பட்டதுதான்.

"அது ஏதோ பழைய பவர் சப்ளைல கழட்டுனது. அப்ப புதுசுக்கு எங்க போக?" என்றார்.

நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். போலி, தராசு, அசல், வாசனை. அவர் மேசை டிராயரிலிருந்து ஒரு பாக்கெட் ரேடியோவை எடுத்தார். மீடியம் வேவில் வைத்து, ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "பாட்டப் போடு, மெதுவா வையி" என்றார். முள்ளை மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். ஓர் இடத்தில் ரேடியோ 'ஸ்ர்ர்... ஸ்ர்ர்...' என்று இரைய ஆரம்பித்தது. தபலாவின் ஒவ்வொரு அடிக்கும் ஓர் இரைச்சல். இடது வால்யூமைக் குறைத்தால் இரைச்சல் நின்றது. வலதை மட்டும் வைத்தால் ரேடியோ சும்மா இருந்தது.

"இது ஆம்ப்ளிஃபயரா இல்ல தம்பி, ரேடியோ ஸ்டேஷனா இருக்கு. பாட்டோட சேத்து இன்னொரு பாட்டு பாடுது. நமக்குக் கேக்காது, ரெசிஸ்டருக்குக் கேக்கும்."

ஏதோ ஒரு மெகா ஹெர்ட்ஸ் பக்கத்தில் அது அலைந்துகொண்டிருந்தது. ஏன் என்று எனக்குப் புரிய அன்று இரவு ஆயிற்று.

அறுபதுகளின் 3055 'ஹோம்டாக்ஸியல்' என்ற முறையில் செய்தது. தடிமனான, ஒரே சீரான பேஸ் அடுக்கு. அதனால் முரட்டுத்தனமாகத் தாங்கும், அதனாலேயே மந்தம். ஒரு மெகா ஹெர்ட்ஸைத் தொடுவதற்குள் அதன் பெருக்கும் சக்தி தீர்ந்துவிடும். எழுபதுகளில் தொழிற்சாலைகள் 'எபிடாக்ஸியல்' முறைக்கு மாறின. மெல்லிய பேஸ், மூன்று மடங்கு வேகம். எண் மட்டும் மாறவில்லை. டேட்டா ஷீட்டைத் திறந்து பாருங்கள். வேகத்துக்கு நேரே 'குறைந்தபட்சம் 2.5 மெகா ஹெர்ட்ஸ்' என்று இருக்கும். 'அதிகபட்சம்' என்ற கட்டம் காலி. ஒரு டிரான்சிஸ்டர் தேவைக்கு மேல் வேகமாக இருப்பது ஒரு குறையாகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

மாமாவின் சர்க்யூட் அந்த மந்தத்தின் மேல் கட்டப்பட்டது. சிலிக்கான் பவர் டிரான்சிஸ்டரில் பி.என்.பி. வகை அன்று அரிது, விலையும் அதிகம். அதனால் மேலும் கீழும் ஒரே என்.பி.என். 3055-ஐப் போட்டு, கீழே இருப்பதற்கு முன்னால் ஒரு சின்ன பி.என்.பி.யை (நம்மூர் எஸ்.கே. 100) வைத்து, இரண்டும் சேர்ந்து ஒரு பெரிய பி.என்.பி. போல நடிக்க வைப்பார்கள். அந்த நடிகர்கள் இருவருக்கும் நடுவே ஒரு சின்ன ஃபீட்பேக் வளையம் உண்டு. ஒருவர் மந்தமாக இருக்கும்வரை வளையம் ஒழுங்காக இருக்கும். அவர் சுறுசுறுப்பாகிவிட்டால் தனக்குத்தானே கத்திக்கொள்ள ஆரம்பிக்கும். கீழ்ப்பாதி வேலை செய்யும்போது மட்டும், ஒவ்வொரு அடியிலும். பாட்டில்லாமல் நான் அளந்தபோது எல்லாம் புத்தகப்படி இருந்தது அதனால்தான்.

எங்கள் தொழிலில் இதற்குப் பெயரே இருக்கிறது. ஹைரம் ரைட் என்ற பொறியாளர் பெயரால் ஹைரம் விதி என்பார்கள். போதுமான பேர் ஒரு மென்பொருளைப் பயன்படுத்தினால், நீங்கள் எழுதிக்கொடுத்த வாக்குறுதிகளை மட்டுமல்ல, வாக்குறுதியே கொடுக்காத பழக்கங்களையும் யாராவது நம்பிக் கட்டியிருப்பார்கள் என்பது அதன் சாரம். ஒருமுறை நான் ஒரு மெதுவான ஃபங்ஷனை வேகமாக்கினேன். அது மெதுவாக முடியும் என்று நம்பி இன்னொரு டீம் எழுதியிருந்த நிரல் மறுநாள் காலை விழுந்தது. அந்த மீட்டிங்கில் 'நான் நல்லதுதானே செய்தேன்' என்று நான் சொன்னது ஞாபகம் வந்தது. யாரும் பதில் சொல்லவில்லை.

மறுநாள் நான் தயாராகப் போனேன். எஸ்.கே. 100-இன் பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவே 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டு அதை மந்தமாக்கலாம் என்றேன். "போடலாம்" என்றார் மாமா. பிறகு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்தார். இரண்டு பழைய 3055, எழுத்து பாதி அழிந்தது. முள் மீட்டரில் ஒன்றை மாட்டி, சால்டரிங் அயன் முனையைக் குல்லாவில் வைத்துச் சூடேற்றினார். முள் மெல்லச் சாய்ந்தது. லீக்கேஜ். பழசாயிற்றே என்று உருகி வாங்குகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். இரண்டாவதில் முள் அசையவில்லை.

"ஒண்ணுதான் தேறுது. கீழ இதப் போடு. மேல உன் நானூறு ரூவாயப் போடு."

"ஜோடி மேட்ச் ஆகாதே மாமா. ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு..."

"இது என்னைக்குடே மேட்ச் ஆச்சு? மேல ஒரு மாதிரி, கீழ ஒரு மாதிரி. சர்க்யூட்டே அப்பிடித்தான். கத்துறது கீழ உள்ளதுதான், மேல உள்ளது சும்மாதான இருக்கு."

நான் ஒரு வாரம் படித்துப் பிடித்ததை அவர் ஒரு ரேடியோவால் பிடித்திருந்தார் என்பதுகூட ஆச்சரியமில்லை. டேட்டா ஷீட்டில் 'ஈடு' என்று நான் தேடியது எண்ணுக்கு ஈடு. அவர் தேடியது இடத்துக்கு ஈடு. ஒரே பலகையில் ஓர் அங்குலம் மேலே இருக்கிற டிரான்சிஸ்டருக்குத் தேவையே வேறு. கெப்பாசிட்டர் போடுவது இன்னும் சுத்தமான தீர்வு என்று இப்போதும் நினைக்கிறேன், அந்தப் பழைய பீஸ் போனால் அடுத்தது கிடைக்காது. ஆனால் அது அவருடைய சர்க்யூட்.

பழையதை மாட்டிக்கொண்டே, அறுத்த டிரான்சிஸ்டரைக் கேட்டார் மாமா. நான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். உருகிய தடத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார். கருகிய எமிட்டர் ரெசிஸ்டரையும் பார்த்தார்.

"இது எப்பிடிப் போச்சுன்ன?"

"இடி, மாமா."

"இடியா? இடின்னா கரண்டு ஒயர்ல வரும். டயோடு போயிருக்கும், டிரான்ஸ்ஃபார்மர் போயிருக்கும். அது எல்லாம் நல்லா இருக்கு. இது ஸ்பீக்கர் ஒயர் சேந்து போனது."

அப்பா வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை. "சேந்திருக்கும்" என்றார். "அப்ப வீட்ல எலி ரொம்பக் கெடந்துச்சு. ஒயரக் கடிச்சிருக்கும்."

எலி இல்லை. அப்பாவும் அம்மாவும் சாத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கல்லூரி நண்பர்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள். மைக் செட் கடையிலிருந்து இரண்டு ஸ்பீக்கர் இரவல் வாங்கி, இருக்கிறதோடு சேர்த்து இணைத்தேன். ஒயர் முனைகளைப் பல்லால் கடித்து உரித்து, முறுக்கிக்கூட விடாமல் செருகினேன். வால்யூம் முழுக்க. ஆட்டத்தில் யாரோ காலால் ஒயரை இழுத்தார்கள். இடது பக்கம் நின்றது, வலது பக்கம் பாடிக்கொண்டே இருந்தது, நாங்களும் ஆடிக்கொண்டே இருந்தோம். அடுத்த நாள் நிஜமாகவே இடி விழுந்து தெரு முழுக்கக் கரண்டு போனது. பொய்யை நான் யோசிக்கவே தேவையிருக்கவில்லை. கடை மூடி ஏழு வருடம் ஆகியிருந்தது. என் முதல் வருடப் ஃபீஸுக்கு எல்.பி.க்களை மொத்தமாக ஒரு சென்னைக்காரருக்கு விற்றிருந்தார். கடையிலிருந்து வீட்டுக்கு வந்த சாமான்களில் மிச்சம் இருந்தது இந்தப் பெட்டி.

ராத்திரி வீட்டில் மூடியைப் போடும்போது கரண்டு இல்லை. அப்பா டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். மாமாவின் பென்சில் வரிக்குக் கீழே நானும் எழுதினேன். அடுத்து இதைத் திறக்கிறவனுக்குத் தெரிய வேண்டும்: 'இடது கீழ்: பழைய மெதுவான பீஸ். மேல்: புதியது. கீழே புதியது போட்டால் எஸ்.கே. 100-க்கு 100 பிகோ சேர்க்கவும்.' அதற்கு மேலே இன்னொரு வரிக்கு இடம் விட்டிருந்தேன். அதில் எழுதினேன்: '2008. இடது மேல் போனது. ஸ்பீக்கர் ஒயர் ஷார்ட். நான்.'

டார்ச் வெளிச்சம் அந்த வரியிலேயே நின்றது.

"மாசம் போடல?" என்றார் அப்பா. "அண்ணாச்சி மாசம் போட்டிருக்காருல்ல."

'ஐப்பசி' என்று சேர்த்தேன்.

"என்ன பாட்டு போட்ட அன்னைக்கு?"

எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை, சொன்னேன். "பாட்டு ஞாபகம் இல்லாமயா அவ்வளவு சத்தமா வச்ச" என்றபடி டார்ச்சைத் திருகு ஓட்டைகளுக்கு நகர்த்தினார். நான்கு திருகில் ஒன்றுக்கு மறை தேய்ந்துபோயிருந்தது. தீக்குச்சியை ஒடித்து உள்ளே வைத்து முடுக்கச் சொன்னார். முடுக்கினேன், பிடித்தது. கரண்டு வர இன்னும் அரை மணி நேரம் ஆனது.